முற்பிறவி நாடகத்தில் இல்லாத ஒரு வரி

மேடையில் நீல விளக்கு எரிகிறது. நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் புஷ்பா அக்கா கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் புரொஃபசர் வேஷத்தில் சம்பத் சார். ஒரு சங்கிலிக் கடிகாரத்தை அக்காவின் முகத்துக்கு நேரே ஆட்டியபடி, "பின்னால் போ... இன்னும் பின்னால் போ... சொல், இப்போது நீ யார்?" என்கிறார்.

மூடின கண்ணுக்கு எதிரே எதற்குக் கடிகாரம் என்று ஒத்திகையில் நான் கேட்டிருந்தேன். "உனக்கு ஏம்பா அந்தக் கவலை?" என்றார் சம்பத் சார். எனக்கு இல்லாத கவலை எது?

நான் இடது பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்சின் முனையில் இருக்கிறேன். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் டார்ச். பவுடர் வாசனையும் கொசுவர்த்திப் புகையும் திரைச்சீலைத் தூசியும் மூக்கில் ஏறுகின்றன. தும்மல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று மூக்கை அழுத்திப் பிடித்திருக்கிறேன்.

அப்போதுதான் என் வாயிலிருந்து அந்த வரி வந்தது. நோட்டில் இல்லாத வரி.

எடுத்துக் கொடுப்பவன்

நான் லிஃப்டுக்குள் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்ட கதையைப் போன வாரம் இந்தப் பகுதியில் படித்துவிட்டு, "இவ்வளவு பயந்த ஆள் நாடகத்தில் என்னதான் செய்தீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் நடித்ததில்லை ஐயா. பிராம்ப்டர். மேடையில் இருப்பவருக்கு வசனம் மறந்துபோனால் திரைக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுப்பவன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கணக்குப் பரீட்சை என்றால் முதல் நாளே வாந்தி வரும். ஒரு பரீட்சைக்கு வாசல்வரை போய்த் திரும்பி வந்தவன், அப்புறம் போகவே இல்லை. ஆனால் படிப்பது பிடிக்கும். எம்.ஜி. ரோடு பக்கம் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்தபோது ஏறுகிற ஆட்களுக்கு நடுவே நாடக நோட்டு முழுவதையும் மனப்பாடம் செய்துவிடுவேன். எல்லாருடைய வசனமும் எனக்குத் தெரியும். எவன் எங்கே மறப்பான் என்பதும் தெரியும். பயந்தவனுக்கு ஏற்ற வேலை அது.

எடுத்துக் கொடுப்பதில் ஒரு முறை உண்டு. முழு வரியையும் சொல்லக் கூடாது. முதல் இரண்டு வார்த்தையை, மூச்சில் கொஞ்சம் குரல் கலந்து, நடிகரின் காதுக்கு மட்டும் எறிய வேண்டும். முதல் வரிசைக்குக் கேட்டுவிட்டால் மானம் போச்சு.

புஷ்பா அக்காவுக்கு மட்டும் இந்த முறை கிடையாது. எங்கள் குழுவில் ஆண்கள் எல்லாரும் ஃபேக்டரி, ஆபீஸ் என்று போய்வருகிறவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் யாரும் மேடை ஏற மாட்டார்கள். அதனால் கதாநாயகிக்கு, தங்கச் சுரங்க ஊரான கே.ஜி.எஃப்.பிலிருந்து அக்கா ரயிலேறி வருவார். நாலைந்து குழுக்களுக்கு நடித்துக்கொண்டிருந்தவர், இரண்டே ஒத்திகைக்குத்தான் வருவார். எதையும் மனப்பாடம் செய்ய மாட்டார்.

"தம்பி, உன் வாய்தான் எனக்கு நோட்டு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "முழுசா சொல்லு. நீ இன்னா சொல்றியோ அதைச் சொல்லிட்டுப் போயிக்கினே இருப்பேன். நடுவுல யோசிச்சா ஆக்டிங் போயிடும்."

அப்படித்தான் நடந்தது. நான் கிசுகிசுப்பேன், அரை நொடியில் அது அக்காவின் குரலில் அழுகையாகவோ சிரிப்பாகவோ ஹால் முழுக்கக் கேட்கும். என் வறட்டுக் கிசுகிசுப்பு அந்த அரை நொடியில் எப்படி அப்படி மாறியது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

எல்லாரும் ராணி

நாடகத்தின் பெயர் "முற்பிறவி முகவரி". சம்பத் சார் எழுதியது. தொண்ணூறுகளின் நடுவில் இந்த ஊரில் அந்தப் பேச்சு நிறைய இருந்தது. மீடியம், ஆவி, போன ஜென்மம் என்று ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் பேப்பரில் வரும். எங்கள் கட்டடத்தின் ஐந்தாவது மாடி கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண் ஒருத்தி, போன ஜென்மத்தில் தான் பிரான்ஸில் கன்னியாஸ்திரியாக இருந்ததாகத் தோழியிடம் சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள். இன்னொருவர் ராஜகுமாரராம். போன ஜென்மத்தில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நாடகத்தில் வசந்தி என்ற பெண்ணுக்குக் காரணம் தெரியாமல் நெருப்பைக் கண்டால் பயம். புரொஃபசர் அவளை மயக்கத்தில் ஆழ்த்துகிறார். அவள் வாய் வழியாக, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோட்டைக்குள் எரிந்துபோன நெசவாளியின் மனைவி பேசுகிறாள். அந்த மயக்கக் காட்சிதான் நாடகத்தின் உயிர்.

இங்கே தமிழர்களை அடித்து விரட்டிய காவிரிக் கலவரம் நடந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. தமிழ்ப் போஸ்டரைச் சுவரில் ஒட்ட எங்களுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. தெரிந்த வீடுகளுக்கு மட்டும் நோட்டீஸைக் கையில் கொடுத்தோம். இன்ஸ்பெக்டராக நடித்த டேனியல், லிங்கராஜபுரத்தில் தன் பக்கத்து வீட்டு ஞானம்மா ஆன்ட்டிக்கும் ஒன்று கொடுத்தான். வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்களே, ஒரு மாறுதலாக இருக்கும் என்று நினைத்தானாம்.

அந்த அரை நொடி

நாடகத்தன்று மதியம், ஜோகுபாளையத்தில் நான் இருந்த ஒற்றை அறையில், அக்காவின் தொண்டைக்காக சுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். பிளாஸ்க்கில் ஊற்றினேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அணைத்தேனா என்று பார்த்துவிட்டுப் பூட்டினேன். திறந்து மறுபடி பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன். தெருமுனை வந்ததும் வழக்கம்போல் சந்தேகம் வந்தது. நேரம் ஆகிவிட்டதால் திரும்பவில்லை.

இப்போது மேடைக்கு வருவோம். நான், "தீ... எங்கே பார்த்தாலும் தீ" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"தீ... எங்கே பார்த்தாலும் தீ" என்றார் அக்கா.

அந்தக் குரலைக் கேட்டதும் என்னை அறியாமல், எனக்கு நானே, வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்: "ஐயோ, ஸ்டவ்வை அணைச்சேனா?"

அக்காவின் காது சும்மா இருக்குமா? கண் மூடியபடி, அழுகைக்கு முந்தின குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஐயோ... ஸ்டவ்வை... அணைச்சேனா?"

பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். சம்பத் சாரின் கையில் கடிகாரம் ஆடாமல் நின்றது. மூன்றாவது வரிசையில் ஒரு வெள்ளைப் புடவை எழுந்து நின்றது.

"எஸ்தர்!" என்று ஒரு கத்தல்.

நான் அடுத்த வரியை எறிந்தேன். அக்கா பிடித்துக்கொண்டார். நாடகம் ஓடியது. அந்த அம்மாவைப் பக்கத்தில் இருந்தவர்கள் உட்கார வைத்தார்கள்.

மேக்கப் அறையில்

நாடகம் முடிந்ததும் அந்த அம்மா நேராக மேக்கப் அறைக்கு வந்துவிட்டார். டேனியல்தான் அழைத்து வந்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அவ்ளோதானாம்மா? வேற எதுவும் சொல்லலையா அவ?"

"யாரும்மா?"

"எம் பொண்ணு. எஸ்தர்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் பிளாஸ்க்கைப் பார்த்தேன்.

"அம்மா, நான் கே.ஜி.எஃப்.புல அப்பளம் உருட்டறவ. நடிக்கக் கூப்பிட்டா வருவேன். இந்த ஆவி கீவி எல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"உனக்குத் தெரியாதுதான். உன் வாய் வழியா வந்துச்சு. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த பொம்பளைக்கு ஏதும்மா ஸ்டவ்?"

அந்த அறையில் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"எங்க சபையில மறுபிறவி கிடையாது. ஆவிகிட்டப் பேசறது பாவம். அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் அவர். "ஆனா எம் பொண்ணு பேசினா நான் காதைப் பொத்திக்கவா?"

அவர் போன பிறகு சம்பத் சார் ஒட்டு மீசையைப் பிய்த்துக்கொண்டே வந்தார். "அந்த ஸ்டவ் லைன் சூப்பர்ப்பா! ஹாலே ஆடிப்போச்சு. நான் எப்போ எழுதினேன் அதை?"

"மூணாவது தடவை திருத்தினப்போ சார்."

"அப்படியா? அடுத்த ஷோவுக்கும் இருக்கட்டும்."

ஒரு பொய் சொல்லிவிட்டால் அப்புறம் அதற்குக் காவல் இருக்க வேண்டியிருக்கிறது.

டேனியல் அன்று வழியில் கதையைச் சொன்னான். எஸ்தர், ஞானம்மா ஆன்ட்டிக்கு ஒரே பெண். காக்ஸ் டவுனில் பால்ராஜ் என்பவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஏதோ புருஷன் பெண்டாட்டி சண்டை. பெண் ஒரு நாள் பையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். "ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்று ஆன்ட்டிதான் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் காலை, பால்ராஜ் ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரம், அடுப்படியில் தீ. பெண் பிழைக்கவில்லை. போலீஸ் விபத்து என்று எழுதியது.

ஆன்ட்டி நம்பவில்லை. "எம் பொண்ணு ஸ்டவ்வை ரெண்டு வாட்டி பாக்காம நகர மாட்டா. அவளே தீ வெச்சுக்கிட்டா. அந்த ஆளு வெச்சுக்க வெச்சான்" என்பார். "நான்தானே திருப்பி அனுப்பினேன்" என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆறு வருஷமாக மருமகன் முகத்தைப் பார்க்கவில்லை. பேத்தியையும் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து வரும் கேக் பிரிக்காமல் திரும்பிப் போகும்.

"இப்போ பாரேன்" என்றான் டேனியல். "விபத்துதான்னு அவளே வந்து சொல்லிட்டான்னு ஆன்ட்டி சந்தோஷமா அழுவுறாங்க."

என் அறைக்குள் நுழைந்ததும் கருகல் நாற்றம் அடித்தது. அங்கே என்ன பார்த்தேன் என்பதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

கன்டோன்மென்ட் ஸ்டேஷன்

அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு டேனியல் புதுச் செய்தியோடு வந்தான். வருகிற ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஆன்ட்டி காக்ஸ் டவுனுக்குப் போகப் போகிறாராம். பேத்திக்குக் கவுன் தைத்துக்கொண்டிருக்கிறாராம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வாய் உளறியதை வைத்து ஓர் அம்மா ஆறு வருஷ முடிவை மாற்றிக்கொள்கிறார். சொல்லாவிட்டால் ஏமாற்று. சொன்னால் அவரைத் திரும்ப அந்தக் குழியில் தள்ளியதாகும், பேத்தியும் போய்விடும். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து லிஃப்டில் மூன்றாவது மாடிக்காரரை ஆறாவது மாடியில் இறக்கிவிட்டேன்.

ஒத்திகை முடிந்து புஷ்பா அக்காவை ரயிலேற்ற ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் பன்னைக் கடித்துக்கொண்டே அக்கா கேட்டார்.

"தம்பி, அந்த ஸ்டவ்வு லைனு. நோட்டுல கீதா, இல்லியா?"

"இல்லக்கா."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா சிரிப்பார், இல்லை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பன் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா என் கையைப் புடிச்சாங்களே, அந்தச் சூடு இன்னும் போவலை. பொய்யா புடிக்க வெச்சுட்ட."

"நீங்களே வந்து சொல்லிடுங்கக்கா."

"நீ சொன்னதை நான் சொன்னேன், அது என் தொழிலு. இதை நீதான் சொல்லணும். இதுக்கெல்லாம் நான் உனக்கு எடுத்துக் குடுக்க முடியாது."

ரயில் வந்துவிட்டது.

மூன்று கவுன்

திங்கள் போகலாம் என்றிருந்தேன். செவ்வாய் மழை. புதன் தலைவலி. கடைசியில் அந்த ஞாயிறே வந்துவிட்டது. ஆன்ட்டி சர்ச்சிலிருந்து வந்து புறப்படுகிற நேரத்துக்குத்தான் லிங்கராஜபுரம் போய்ச் சேர்ந்தேன்.

முன்னறையில் தையல் மிஷின். மேஜைமேல் ஒரே வான நீலத்தில், ஒரே வெள்ளை லேஸ் வைத்து, மூன்று கவுன்கள்.

"நாடகத்துக்காரத் தம்பிதானே? உக்காரு. எதுக்கு மூணுன்னு பாக்கறியா? நாலு வயசுல பார்த்தது. இப்போ பத்து. குள்ளமா இருக்காளோ, நெட்டையோ. எட்டு வயசுக்கு ஒண்ணு, பத்துக்கு ஒண்ணு, பன்னெண்டுக்கு ஒண்ணு. எதாவது ஒண்ணு சரியா இருக்காதா?"

உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். நின்றபடியே சொன்னேன்.

"ஆன்ட்டி, அன்னைக்கு எஸ்தர் பேசலை. நான்தான் பேசினேன்."

பிராம்ப்டர் என்றால் என்ன, அக்கா எப்படி நடிப்பார், என் கவலை எப்படி வாயில் வந்தது, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினேன்.

"அப்போ அவ எதுவும் சொல்லலை."

"இல்ல ஆன்ட்டி."

மூன்று கவுனையும் எடுத்து பீரோவில் வைத்துக் கதவைச் சாத்தினார். மிஷின் முன்னால் போய் உட்கார்ந்து சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார். நான் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கிடந்தேன். பக்கத்து வீட்டு ரேடியோவில் கன்னடத்தில் ஏதோ விளம்பரம் ஓடியது.

என்னைப் பார்க்காமலே ஆன்ட்டி கேட்டார்.

"உன் ஸ்டவ் அணைஞ்சிருந்துச்சா?"

"ஆங்?"

"அன்னைக்கு. வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பியே. அணைஞ்சிருந்துச்சா?"

அதை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

"இல்ல ஆன்ட்டி. எரிஞ்சு எரிஞ்சு எண்ணெய் தீர்ந்து தானா நின்னிருந்துச்சு. மிச்ச சுக்குத் தண்ணியை மறுபடி மேல வெச்சிருக்கேன். பாத்திரம் அடி ஓட்டையாயிடுச்சு. பக்கத்துல தொங்கின துண்டு பாதி கருகியிருந்துச்சு."

"பார்த்துட்டுத்தானே போனே?"

"மூணு வாட்டி பார்த்தேன். அணைஞ்சிருக்குன்னுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது."

சக்கரத்தின்மேல் இருந்த கை நகர்ந்தது. ஊசி ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தது.

"எஸ்தர் ரெண்டு வாட்டிதான் பார்ப்பா" என்றார்.

அப்புறம் அழுதார். நானும்தான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பீரோவைத் திறந்தார். "எது நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இனிமே தெரியப் போறதும் இல்ல. ஆறு வருஷமா தெரிஞ்ச மாதிரி இருந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கவுன்களைப் பையில் வைத்தார். "நீயும் வா. அந்த வாசல்ல எனக்கு வாய் வராது. வரலேன்னா எதாவது எடுத்துக் குடு."

காக்ஸ் டவுன்

நடந்தே போனோம். ஓட்டு வீடு, முன்னால் ஒரு மாதுளைச் செடி. கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். பிரின்ஸி. நெட்டை. என் தோள்வரை இருந்தாள்.

"யாரு வேணும்?"

ஆன்ட்டிக்கு வாய் வரவில்லை. பையைத்தான் நீட்டினார். அதற்குள் பால்ராஜ் பின்னால் வந்து நின்றார். முன் தலை நரைத்திருந்தது. யாரையும் எதுவும் கேட்காமல் கதவை முழுவதும் திறந்துவிட்டு, "பாட்டிடா" என்றார் மகளிடம். பிறகு, டீ போடுகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான். பேசத் தெரியாத இடத்தில் அவர் பேசவில்லை.

பிரின்ஸி எட்டு வயதுக் கவுனைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள். பத்து வயதுக் கவுனில் கை நுழையவில்லை. பன்னிரண்டு வயதுக் கவுன் நுழைந்தது, ஆனால் முழங்காலுக்கு மேலே நின்றது.

"கொஞ்சம் நில்லு" என்றார் ஆன்ட்டி. அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. தரையில் உட்கார்ந்து, கவுனின் கீழ் ஓரத்தைத் திருப்பினார். உள்ளே நாலு விரல் அகலத்துக்குத் துணி மடித்துத் தைத்திருந்தது. வளர்ந்தால் இறக்கிவிட வைத்தது. தையலைப் பல்லால் கடித்துப் பிரிக்க ஆரம்பித்தார். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றினாள்.

உள்ளே லைட்டரின் சத்தம் டக், டக் என்று கேட்டது. அந்த வீட்டில் இப்போது கேஸ் அடுப்பு. ஆன்ட்டியின் கை நின்றுவிட்டது. வாயில் நூல். பால் பொங்கும் வாசனை வந்தது. டம்ளர்களை எடுத்து வைக்கும் சத்தம் வந்தது.

அவர் என்னைப் பார்ப்பார், எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நூலைத் துப்பிவிட்டு, அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பி, சத்தமாகக் கேட்டார்.

"பால்ராஜு... அடுப்பை அணைச்சிட்டியாப்பா?"

உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது.

"அணைச்சிட்டேன், அத்தை."

டம்ளர்களோடு அவர் நிலைப்படிவரை வந்தார். எங்கள் மூவரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அப்படியே திரும்பி, அடுப்பை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வர உள்ளே போனார்.